கணக்கப்பிள்ளை விட்டுப்போன கம்ப்யூட்டர்: அழிப்பதா, ஒதுக்குவதா, புதிதாகப் போடுவதா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதச் சேர்ந்த அன்று, முதலாளி என் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு மேசையைக் காட்டினார். மேசையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். எனக்கு முன்னால் இருந்த கணக்கப்பிள்ளை அண்ணன் பன்னிரண்டு வருஷம் அதை ஒற்றை ஆளாக ஓட்டியவர், மகள் வீட்டோடு இருக்கலாம் என்று பரமக்குடிக்குப் போய்விட்டார். பாஸ்வேர்டு மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருந்தது. மற்ற எதுவும் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

சி டிரைவ் சிவப்பாக நின்றது, மிச்சம் 1.2 ஜிபி. டி டிரைவிலும் மூச்சு விட இடமில்லை. டெஸ்க்டாப்பில் பின்னால் இருக்கும் படமே தெரியாத அளவுக்கு ஐகான்கள்: "நியூ போல்டர்", "நியூ போல்டர் 2", "பைனல்", "பைனல் புதுசு", "இதுதான் பைனல்", "அழிக்காதே", அப்புறம் "அழிக்காதே பழசு". பில் போடச் சொல்லித் தட்டினால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கத்தத் தொடங்குவதற்குள் வண்டிக்காரர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்.

இந்த மாதிரி மிஷின் கைக்கு வந்தால் என்ன செய்வது என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு விதமாகச் சொல்வார்கள். தேவையில்லாததை உட்கார்ந்து அழி என்பார் ஒருவர், ஏதாவது கிளீனர் போடு என்பார் இன்னொருவர், கம்ப்யூட்டர் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பார்மேட் (எல்லாவற்றையும் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது) என்பார், வசதி உள்ளவர் புது டிஸ்க் வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்பார். எல்லாவற்றையும் ஏதோ ஒரு அளவில் செய்து பார்த்துவிட்டேன், ஒன்றில் நன்றாக அடியும் வாங்கினேன். நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒதுக்கி வைத்துக் காத்திருப்பதுதான் என் கட்சி, ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது, எங்கே பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் அளந்து பாருங்கள்

எந்த வழிக்குப் போனாலும் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. இடத்தை யார் அடைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. விஸ்ட்ரீ, விண்டிர்ஸ்டாட், ட்ரீசைஸ் என்று இலவசமாகவே கிடைக்கின்றன, வீட்டில் வைத்துப் பார்க்க இவை போதும். விஸ்ட்ரீ டிஸ்கின் கோப்புப் பட்டியலை நேராகப் படிப்பதால் பழைய ஹார்ட் டிஸ்கில்கூடச் சில விநாடிகளில் காட்டிவிடும். விண்டிர்ஸ்டாட் நிதானமாக வரும், ஆனால் கட்டம் கட்டமாகக் கலர் போட்டுக் காட்டுவதால் முதலாளியைப் பக்கத்தில் உட்கார வைத்து விளக்க அதுதான் தோது.

500 ஜிபி டிஸ்க், விண்டோஸ் கணக்கில் 465. (டிஸ்க் கம்பெனிக்காரன் ஆயிரத்தால் வகுக்கிறான், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. மீதி 35 ஜிபியைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார் என்று எங்கள் முதலாளி ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தார்.) அதில் சிசிடிவி பதிவு மட்டும் 148 ஜிபி. முதலாளி மகன் கல்யாண வீடியோ 71 ஜிபி. டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) பேக்கப் என்ற பெயரில் ஒரே கணக்கின் நகல்கள், தேதி போட்டும் போடாமலும், 64 ஜிபி. எப்போதோ விண்டோஸ் பெரிய அப்டேட் ஆனபோது பழையதை மூட்டை கட்டி வைத்த "விண்டோஸ் ஓல்டு" போல்டர் 19 ஜிபி. அது சாதாரணமாகப் பத்து நாளில் தானாகவே போய்விட வேண்டியது, ஏனோ போகவில்லை. டவுன்லோட்ஸ் 22 ஜிபி.

கணக்கப்பிள்ளை அண்ணன் பன்னிரண்டு வருஷமாகத் தட்டிய அத்தனை எக்செல், அத்தனை கடிதம், அத்தனை ஸ்கேன், "பைனல்" எல்லாம் சேர்த்து எவ்வளவு தெரியுமா? 2.3 ஜிபி. மொத்த டிஸ்கில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது.

கண்ணை உறுத்துவது டெஸ்க்டாப்பில் கிடக்கும் பொடிசுகள், இடத்தைத் தின்பதோ பார்த்தவுடனே இன்னதென்று தெரிகிற ஐந்தாறு பெரிய சாமான்கள். விசைப்படகு கரைக்கு வந்ததும் தட்டில் கொட்டி இறால் தனி, நண்டு தனி, கணவாய் தனி என்று பிரித்தபிறகு கீழே கிடக்கும் சங்காயத்தை (பொடிமீன் கழிவை) யாராவது கடலில் கொட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கும் ஒரு விலை உண்டு, கோழித்தீவனத்துக்கு எடுக்க ஆள் வந்துவிடும். 2.3 ஜிபியில் கிடக்கும் பொடிசுகளும் அந்த மாதிரிதான். அவற்றில் எது தேவை, எது தேவையில்லை என்று தீர்ப்புச் சொல்லவே வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். இது முதல் வாரத்தில் எனக்குப் புரியவில்லை.

கையால் அழிப்பது

சேர்ந்த நாலாவது நாள் டி டிரைவில் "டெம்ப்" என்று ஒரு போல்டர் பார்த்தேன். டெம்ப் என்றால் தற்காலிகம், அழிக்கலாம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. ஷிப்டை அழுத்திக்கொண்டு டெலிட். ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகவில்லை.

அன்று சாயங்காலம் பாம்பனிலிருந்து ஒரு சம்மாட்டி (விசைப்படகுக்காரர்) வந்தார். "தம்பி, நம்ம போட்டுக்கு ஐஸ் பாக்கி எவ்வளவு நிக்குது? கொடுத்துட்டுப் போயிர்றேன்." தேடினேன், தேடினேன், எங்கேயும் பாக்கி லிஸ்ட் இல்லை. பரமக்குடிக்குப் போன் போட்டேன்.

"டி டிரைவ்ல டெம்ப்ன்னு ஒண்ணு இருக்கும் பாரு, அதுலதானப்பு எல்லாம் இருக்கு."

"அண்ணே, அத நான் காலையில அழிச்சுட்டேனே."

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "டெம்ப்ன்னு பேரு வச்சா எவனும் தெறந்து பாக்க மாட்டான்னுதானப்பு வச்சேன்" என்றார்.

நாற்பத்தொரு படகின் பாக்கி. ஐஸ் வியாபாரத்தில் கையில் காசு கொடுத்துவிட்டு ஐஸ் பார் எடுப்பவர் குறைவு, மீன்பாடு வந்தபிறகுதான் கணக்குத் தீர்ப்பார்கள். செய்த ஒரே புத்தியான காரியம், உடனே மிஷினை அணைத்ததுதான். ஹார்ட் டிஸ்கில் ஒன்றை அழித்தால் அந்த இடம் காலி என்று குறிக்கப்படுமே தவிர, வேறு ஏதாவது அதன்மேல் எழுதப்படும்வரை உள்ளே இருந்தது அங்கேயேதான் கிடக்கும். டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி கேபிளில் என் லேப்டாப்பில் மாட்டி போட்டோரெக் ஓட்டினேன். அது கோப்புகளை மீட்கும், பெயரை மீட்காது. மூவாயிரத்துச் சொச்சம் எக்செல்லும் வேர்டும் வெறும் எண்ணாக வந்து விழுந்தன, இரண்டு ராத்திரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து லிஸ்டைப் பிடித்தேன், அதுவும் ஒரு வாரம் பழசு. மிச்சத்தைச் சம்மாட்டிகள் தங்கள் சிட்டையைப் பார்த்துச் சொன்னார்கள். ஒருவர்கூடக் குறைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை, ஒருவர் கூட்டியே சொன்னார்.

அதே மிஷினில் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சிப்பில் பதிகிற, வேகமான டிஸ்க்) இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேறு முடிவு. அதில் டிரிம் என்று ஒன்று உண்டு, அழித்த இடத்தை விண்டோஸ் சொன்னவுடனே டிஸ்கே துடைத்துப்போடத் தொடங்கிவிடும், மீட்கும் மென்பொருளுக்கு அங்கே வேலையில்லை.

ஆகவே கையால் அழிப்பது சொந்த மிஷினுக்குச் சரி. நீங்களே வைத்தது, நீங்களே எடுக்கிறீர்கள். அடுத்தவர் வைத்துவிட்டுப் போனதில், பெயரைப் பார்த்து உள்ளடக்கத்தை ஊகிக்கவே கூடாது. டேலியையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கம்பெனிக் கணக்கையும் 10000, 10001 என்று வெறும் எண் பெயருள்ள போல்டரில்தான் வைக்கும். பார்த்தால் யாரோ தூக்கத்தில் தட்டிய மாதிரி இருக்கும். அது முழு வருஷக் கணக்கு.

இன்னொன்று: சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் "வின்எஸ்எக்ஸ்எஸ்", "இன்ஸ்டாலர்" என்று இரண்டு குண்டு ஆசாமிகள் உட்கார்ந்திருப்பார்கள். கை வைக்காதீர்கள். முதலாவது காட்டுகிற அளவே பாதி பொய், அதே கோப்பு இரண்டு இடத்தில் இருப்பதுபோல் எண்ணிக் காட்டும். இரண்டாவதை அழித்தால் அந்த நிமிஷம் ஒன்றும் ஆகாது, ஆறு மாசம் கழித்து ஏதாவது ஒரு சாப்ட்வேரை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போதுதான் மூல பைல் எங்கே என்று கேட்டு அடம்பிடிக்கும்.

கிளீனர் போடுவது

விண்டோஸோடு வருகிற டிஸ்க் கிளீனப் போதும், அதிலேயே "சிஸ்டம் பைல்களையும் சுத்தம் செய்" என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால்தான் அந்த 19 ஜிபி பழைய விண்டோஸ் பட்டியலில் வரும். ஒரே தட்டில் போய்விட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை, பட்டியலில் டவுன்லோட்ஸ் என்று ஒரு வரி இருந்தால் அதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10-இன் சில பதிப்புகளில் டிஸ்க் கிளீனப்பிலேயே அது இருந்தது, செட்டிங்ஸ் வழியாகப் போனால் டெம்பரரி பைல்கள் பக்கத்தில் இப்போதும் இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மெண்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன் பிடிஎப், ஈபி ரசீது எல்லாம் நம் ஆபீஸ்களில் எங்கே கிடக்கின்றன? டவுன்லோட்ஸில்தான். இறக்கியதை வேறு இடத்துக்கு மாற்றி வைக்கிற கணக்கப்பிள்ளையை நான் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து கிளீனர் இறக்கிப் போடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. 2017-இல் சிகிளீனரின் ஒரு பதிப்புக்குள்ளேயே வைரஸைச் செருகிவிட்டார்கள், கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே அது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் போனது. அப்புறம் சரிசெய்துவிட்டார்கள், இருந்தாலும் குப்பை அள்ள வந்தவரிடம் வீட்டுச் சாவி முழுவதையும் கொடுப்பது எதற்கு? விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வருபவற்றை மைக்ரோசாப்டே ஆதரிப்பதில்லை. அதைச் செய்தால் இடமும் கிடைக்காது, வேகமும் வராது, மிஷின் எழுந்திருக்காமல் போனால் மட்டும் காரணம் அதுவாக இருக்கும்.

இரட்டைக் கோப்பு தேடித் தருபவை பற்றியும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பிலிருந்து வந்து பத்து இடத்தில் கிடக்கும் போட்டோவுக்கு நல்லது. டேலி போல்டர் பக்கமோ புரோகிராம் பைல்ஸ் பக்கமோ விட்டீர்கள் என்றால் அவ்வளவுதான். ஒரே மாதிரி இரண்டு இருப்பது அங்கே தேவைக்காகத்தான்.

பார்மேட் போடுவது

கடைக்காரருக்குப் பிடித்த வழி. இரண்டு மணி நேரத்தில் முடிப்பார், மிஷின் புதுசு மாதிரி ஓடும், முதல் நாள் எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகக் கேள்வி வரும்.

டேலி லைசென்ஸ் எந்த இமெயிலில் பதிவாகியிருக்கிறது? எங்கள் விஷயத்தில் கணக்கப்பிள்ளை அண்ணனின் சொந்த மெயிலில். அதன் பாஸ்வேர்டு அவருக்கே மறந்துவிட்டது. நல்லவேளை, பார்மேட் போடும் முன்பே இதைக் கண்டுபிடித்தோம். பார்மேட்டுக்கு முன் லைசென்ஸை அந்த மிஷினிலிருந்து சரண்டர் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு டிரைவர் எங்கே? பேப்பர் அளவு எந்த மில்லிமீட்டரில் செட் செய்திருந்தது? பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள்? இதெல்லாம் போகட்டும், எனக்கு வயிறு கலங்கியது எழுத்துரு விஷயத்தில்தான்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்து மனுக்கள் எல்லாம் பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்தவை. மீன்வளத்துறைக்கு எழுதியது, மின்வாரியத்துக்கு எழுதியது, பக்கத்து வாடிக்காரரோடு சுவர்த் தகராறு வந்தபோது எழுதியது, எல்லாம். அவை யூனிகோடு கிடையாது, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான், மேலே அந்த எழுத்துருவைப் போர்த்தினால்தான் தமிழாகத் தெரியும். பார்மேட் போட்டால் விண்டோஸோடு சேர்ந்து அந்த எழுத்துருவும் போய்விடும், அதே கடிதத்தைத் திறந்தால் யாரோ கீபோர்டில் கோழியை விட்ட மாதிரி ஒரு பக்கம் வரும். கெட்டுப்போன பைல் என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே பார்மேட்டுக்குப் போகிறவர்கள் விண்டோஸுக்குள் இருக்கும் பாண்ட்ஸ் போல்டரை முழுதாக நகல் எடுத்து வையுங்கள், அது பெரிய இடம் பிடிக்காது.

இன்னொரு சங்கடம். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். எங்களுடையது நாலாம் தலைமுறை ஐ3. இதற்குப் பார்மேட் போட்டு மறுபடி விண்டோஸ் 10 ஏற்றுவது, அடிப்பலகை ஓட்டையான வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிப்பது.

ஆனால் ஒரு நிலைமையில் பார்மேட்தான் ஒரே வழி. வைரஸ் இருந்தால். திருட்டு விண்டோஸை இயக்க ஓட்டிய ஆக்டிவேட்டர், கிராக் போட்ட போட்டோ எடிட்டர், பேரே தெரியாத டூல்பார், இப்படி ஏதாவது நாலு கண்ணில் பட்டால் அந்த மிஷினில் பேங்க் வேலை பார்ப்பதை அன்றே நிறுத்துங்கள். ஆவணங்களை மட்டும் வெளியே நகல் எடுத்து, வேறொரு நல்ல மிஷினில் ஸ்கேன் செய்துவிட்டு, பழையதைத் துடைத்துப் போடுவதுதான் சரி. அங்கே என் ஒதுக்கி வைக்கும் கட்சி எடுபடாது.

புது டிஸ்க் வாங்கிப் போடுவது

சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு எஸ்எஸ்டி, பழைய டிஸ்கை அதில் அப்படியே அச்சாக நகல் (குளோன்) எடுத்து மாட்டிவிட்டு, பழையதை அலமாரியில் வைப்பது. இடப் பிரச்சினையும் வேகப் பிரச்சினையும் ஒரே நாளில் தீரும், லைசென்ஸுக்கும் எழுத்துருவுக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, எல்லாவற்றுக்கும் மேலாக எதையும் அழிக்கவில்லை. முதலாளி செலவுக்குச் சம்மதித்தால் இதை ஒதுக்கி வைக்கும் வழியோடு சேர்த்துச் செய்வதுதான் உத்தமம், நாங்கள் கடைசியில் வந்து நின்றதும் இங்கேதான்.

இதன் குறை, குப்பை அப்படியே புது வீட்டுக்குக் குடிபோகும். இன்னும் மூன்று வருஷத்தில் அதுவும் நிறையும்.

அலமாரி என்று சொன்னேன், எந்த அலமாரி என்பது முக்கியம். நம் பக்கத்தில் உப்புக்காற்று சும்மா விடாது, யுஎஸ்பி ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும். ஐஸ் கம்பெனியில் அதற்கு மேல் அம்மோனியா வேறு. ஈரத்தோடு சேர்ந்தால் அதற்கும் செம்புக்கும் ஆகவே ஆகாது, லேசாகக் கசிந்தாலும் வருஷக்கணக்கில் அரிக்கும். பழைய டிஸ்கைச் சிலிக்கா பாக்கெட்டோடு மூடிய டப்பாவில் போட்டு முதலாளி வீட்டு பீரோவில் வைத்திருக்கிறோம், நகைக்குப் பக்கத்தில். அவர் மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

ஒதுக்கி வைப்பது

இப்போது என் கட்சி. அழிக்க வேண்டும் என்று தோன்றுவதை அழிக்காமல் ஓரிடத்துக்கு நகர்த்தி, யாராவது "எங்கே போச்சு" என்று கூப்பிடுகிறார்களா என்று காத்திருப்பது. கூப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் திருப்பி வைத்துவிடலாம்.

கேட்க எளிது, செய்யும்போது இரண்டு மூன்று இடத்தில் கால் இடறும். முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் ஒரு முழு நகல், நகர்த்துவது அதற்கு அப்புறம்தான். பென் டிரைவை நம்பிப் போகாதீர்கள், பழைய பாட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைப் பைலை அது வாங்காது, கல்யாண வீடியோவில் முதல் முகூர்த்தமே அங்கே நின்றுபோனது. நகல் எடுத்ததும் இரண்டு பக்கமும் பைல் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்து, நாலைந்தைத் திறந்தும் பாருங்கள்.

அடுத்தது, அந்தப் போல்டரை மனிதர்கள் மட்டும்தான் பயன்படுத்துகிறார்களா என்ற கேள்வி. எங்கள் எடை மேடைப் பக்கம் இன்னொரு கம்ப்யூட்டர் உண்டு, அது நெட்வொர்க் வழியாக இதன் ஒரு போல்டரில்தான் எடைச்சீட்டைப் போட்டுக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்டில் ஷேர்டு போல்டர்ஸ் என்ற இடத்தில் யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். டாஸ்க் ஷெட்யூலரையும் ஒருமுறை திறந்து பார்த்தேன், அங்கே கிடைத்தது தங்கம். ராத்திரி 11.30-க்கு ஒரு பேட்ச் பைல் ஓடி டேலி கணக்கை டி டிரைவுக்கு நகல் எடுக்கும்படி கணக்கப்பிள்ளை அண்ணன் எப்போதோ வைத்திருக்கிறார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டி டிரைவ் நிறைந்த நாளிலிருந்து அது ஒவ்வொரு ராத்திரியும் ஓடி, ஒவ்வொரு ராத்திரியும் தோற்று, யாரிடமும் சொல்லாமல் படுத்திருக்கிறது. உருப்படியான கடைசி நகல் ஏழு மாசம் பழையது. அறுபத்து நாலு ஜிபி பேக்கப் இருக்கிறது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம், அதுவும் அதே டிஸ்கில்!

காத்திருப்பது எத்தனை நாள்? மூன்று மாசம் என்று பலர் சொல்வார்கள். நம் தொழிலுக்குப் போதாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸும் நாட்டுப்படகுக்குப் போகிற அளவுக்குத்தான் ஓடும், அந்த இரண்டு மாசம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அதற்குள் காத்திருந்துவிட்டு "ஒருவரும் தேடவில்லை" என்று அழித்தால் தப்புக் கணக்கு. லைசென்ஸ் புதுப்பிப்பு, ஜிஎஸ்டி வருடாந்திர ரிட்டர்ன், ஆடிட்டர் கேட்கும் பழைய லெட்ஜர் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறைதான் தலைகாட்டும். ஆகவே முழுசாக ஒரு வருஷச் சுற்று காத்திருங்கள். நகர்த்தும் வேலைக்கு மட்டும் தடைக்காலம் பொருத்தமான நேரம், ஏதாவது உடைந்தாலும் வாசலில் வண்டி நிற்காது.

கணக்கு சம்பந்தப்பட்டதற்கு அந்த ஒரு வருஷமும் பேச்சுக்கே இடமில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, அந்த வருஷத்து வருடாந்திர ரிட்டர்ன் போடக் கடைசித் தேதி எதுவோ அதிலிருந்து 72 மாசம் ஆவணங்கள் இருக்க வேண்டும். 2024-25 கணக்கு என்றால் கடைசித் தேதி 2025 டிசம்பர் 31, அப்படியானால் 2031 டிசம்பர் முடிகிற வரைக்கும். அப்பீல், வழக்கு ஏதாவது நடந்துகொண்டிருந்தால் இன்னும் நீளும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எந்த வருஷத்துப் போல்டரையும் தூக்காதீர்கள்.

இந்த வழியிலும் நஷ்டம் உண்டு. மறதி. ஒதுக்கி வைத்த போல்டர் அப்படியே அடுத்த "அழிக்காதே பழசு" ஆகிவிடும், எனக்குப் பின்னால் வரும் பையன் அதைப் பார்த்து என்னைத் திட்டுவான். அதனால் போல்டர் பெயரிலேயே நகர்த்திய தேதி, எங்கிருந்து எடுத்தது, யாரிடம் கேட்டேன் என்று எழுதி, உள்ளே ஒரு நோட்பேடில் விவரமும் வைத்தேன். அதோடு பரமக்குடிக்கு ஒரு பஸ் ஏறினேன். ஒரு கிலோ நெத்திலிக் கருவாடும் ஒரு பிரிண்ட் எடுத்த போல்டர் பட்டியலும். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவால் டிக் அடித்தார், முக்கால் மணி நேரம் ஆனது. எந்தச் சாப்ட்வேரும் சொல்லாத விஷயங்கள் அதில் வந்தன. "பைனல் புதுசு" என்பது அவர் மகனுடைய பயோடேட்டாவாம். "அழிக்காதே" என்பது 2018-இல் மின்வாரியத்தோடு நடந்த வாக்குவாதம், அது முடிந்துவிட்டது. "அழிக்காதே பழசு" மட்டும் அழிக்கக் கூடாதாம், இடத்துப் பட்டாவின் ஸ்கேன் வேறு எங்கும் இல்லை.

சரி, யாருக்கு எது?

மிஷினில் வைரஸ் வாடை அடித்தால் யோசிக்காமல் ஆவணத்தை வெளியே எடுத்துவிட்டுத் துடையுங்கள். முந்தைய ஆள் போனில் கிடைக்கிறார் என்றால் அவரைத் தவிர நல்ல கிளீனர் இல்லை, ஒதுக்கி வைக்கும் வழி பாதி நேரத்தில் முடியும். அவர் கோபித்துக்கொண்டு போனவர், போனே எடுக்க மாட்டார் என்றால் புது டிஸ்கில் குளோன் போட்டு, பழையதைத் தொடாமல் வையுங்கள். காசும் இல்லை, ஆளும் இல்லை, நாளைக்கே இடம் வேண்டும் என்றால் டிஸ்க் கிளீனப்பை மட்டும் ஓட்டிவிட்டு, சிசிடிவி எத்தனை நாள் பதிவை வைத்திருக்கிறது என்று அதன் செட்டிங்கில் போய்ப் பாருங்கள். எங்களுடையதில் அழிக்கவே வேண்டாம் என்று வைத்திருந்தார்கள், முப்பது நாள் என்று மாற்றினேன், மறுநாள் காலையில் 120 ஜிபி காலியாகி இருந்தது. ஆனால் மாற்றுவதற்கு முன் திருட்டு, விபத்து என்று ஏதாவது புகார் நிலுவையில் இருக்கிறதா என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன்.

பழைய டிஸ்கைப் பிற்பாடு பழைய சாமான் கடைக்குப் போடுவதானால் ஒன்று. அதில் கூலியாட்களின் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் இருக்கும். க்விக் பார்மேட் போதாது, அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு பார்மேட் போடுங்கள், பல மணி நேரம் ஓடும், ஓடட்டும். ஹார்ட் டிஸ்க் என்றால் அது முழுவதும் பூஜ்யத்தால் எழுதிவிடும்.

எங்கள் கணக்கு இப்போது இப்படி நிற்கிறது: புது எஸ்எஸ்டியில் பாதி காலி. ஒதுக்கி வைத்த போல்டர் வெளி டிஸ்கில். பாக்கி லிஸ்ட் இப்போது "ஐஸ் பாக்கி" என்ற பெயரிலேயே இருக்கிறது, முதலாளிக்கு அதில் கொஞ்சம் பயம், யாராவது திறந்து பார்த்துவிடுவார்களோ என்று. பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தேன். கல்யாண வீடியோவை என்ன செய்யலாம் என்று கேட்டேன். மகன் சென்னையில் இருக்கிறார், அவரிடம் ஒரு நகல் இருக்கும், இங்கே எதற்கு என்றேன். முதலாளி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"அதுல எங்க அம்மா இருக்குப்பு. அதுக்கப்புறம் எடுத்த படம் எதுவும் இல்ல."

71 ஜிபி. டெஸ்க்டாப்பில், அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.